நின்ற வண்டியின் குற்றம்

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இப்பக்கத்திலே இவ்வாரம் வீதியைப் பற்றி எழுத வந்தமைக்காக வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். ஈழத்துச் சிறுகதையின் இன்றைய போக்கினை ஆராய்வதாகச் சென்ற வாரம் வாக்களித்திருந்தேன். அக்கட்டுரை அடுத்த வாரம் வெளிவரும். இன்று எழுதவிருப்பது நெடுநாளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு செய்தி. எழுதவேண்டிய கடமை எனக்குண்டு என்பதை உணர்ந்த பின்னரும், எழுதக் கூசி மூன்று மாதங்களைக் கழித்துவிட்டேன்.

மோசமான சாரதிகளைப் பற்றி முறைப்படாதவர் நம்மிடையே ஒருவருமிலர். சந்தியிலே நான்கு பேர் கூடினால், முந்திப் பாயும் பஸ் வண்டியையும், சமிக்ஞை காட்டாது திரும்பும் முச்சக்கர வண்டியையும், காதோடு அணைத்த தொலைபேசியுடன் ஒரு கையால் மோட்டார் சைக்கிளைச் செலுத்தும் இளைஞனையும் பற்றியே பேச்சு நிகழும். இவ்வாறு பேசுவோருள் எவரும் தம்மை அக்கூட்டத்திலே சேர்த்து எண்ணுவதில்லை. நானும் எண்ணியதில்லை. முப்பது ஆண்டுகளாக வாகனம் செலுத்துகிறேன், ஒருவரையும் மோதியதில்லை, வேகமாகச் சென்றதில்லை, மது அருந்திவிட்டுச் சக்கரத்தைத் தொட்டதில்லை. ஆதலால் நான் நல்ல சாரதி என்றே நம்பியிருந்தேன்.

மூன்று மாதங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை. நண்பர் ஒருவரது கவிதைத் தொகுதியின் வெளியீட்டு விழா பிற்பகல் மூன்றரை மணிக்கு யாழ்ப்பாணத்து மண்டபமொன்றிலே நடைபெறவிருந்தது. நயப்புரை நிகழ்த்த நான் ஒப்புக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து புறப்படும்போதே நேரமாகிவிட்டது. மண்டபத்தின் முன்னால் இரு மருங்கிலும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருங்கி நின்றன. மண்டபத்தைக் கடந்து சிறிது தூரம் சென்று பார்த்தேன், இடமில்லை. திரும்பி வந்தேன். பாதசாரிக் கடவையின் ஓரத்தோடு ஒட்டினாற்போல ஒரு கார் நிற்கக்கூடிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவ்விடம் ஏன் வெறுமையாக இருந்தது என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும், 'சிறிது நேரந்தானே' என்று எண்ணிக் காரை அங்கே தரித்துவிட்டு உள்ளே சென்றேன்.

மங்கல விளக்கேற்றி முடிந்து, தமிழ்மொழி வாழ்த்துக்காக எல்லோரும் எழுந்து நின்ற வேளையிலே வெளியே தடுப்புக் கருவியின் கிறீச்சென்ற ஒலியும், தொடர்ந்து ஒரு மோதலும் கேட்டன. வாழ்த்து முடியும்வரை ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் பலர் வெளியே ஓடினோம்.

அடுத்த ஒழுங்கையிலே ஒரு ரியூசன் வகுப்புக் கலைந்திருந்தது. ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி கடவையிலே விழுந்து கிடந்தாள். அவளது புத்தகப்பை எனது காரின் முன் சக்கரத்தடியிலே கிடந்தது. அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்து கிடக்க, அதனைச் செலுத்திவந்த இருபது வயது இளைஞன் முழங்கை சிராய்த்து இரத்தம் ஒழுக நின்றான். கூடியிருந்தவர்களுள் ஒருவர், "கண் தெரியேல்லையோடா உனக்கு?" என்று கேட்டவாறே அவன் கன்னத்தில் அறைந்தார். இன்னொருவரும் அடித்தார். அவன் தன்னைத் தடுத்துக்கொள்ளவில்லை. "அண்ணை, சத்தியமாய் நான் பிள்ளையைக் காணேல்லை" என்று மட்டும் மீண்டும் மீண்டும் சொன்னான்.

அவன் கூறியது மெய் என்பதை அக்கூட்டத்திலே அறிந்தவன் நான் ஒருவனே. அவன் வந்த பாதையிலே என் கார் நின்றது. அதன் மறைவிலிருந்து அச்சிறுமி கடவையில் அடியெடுத்து வைத்திருக்கிறாள். அவளை அவன் காணவும் இயலாது; அவனை அவள் காணவும் இயலாது.

சிறுமியை ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். பொலிஸார் வருவதற்கு முன்னர், வீதி நெருக்கடியைக் குறைப்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காரை எடுத்து ஒழுங்கைக்குள் விட்டேன். பின்னர் மண்டபத்துக்குத் திரும்பி நயப்புரையும் நிகழ்த்தினேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் வைத்தியசாலைக்குச் சென்றேன். இடது தொடை எலும்பு முறிந்து சிறுமி படுத்திருந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை. பக்கத்திலே அவளது அம்மம்மா விசிறிக்கொண்டிருந்தார். என்னை யாரென்று கேட்கவில்லை. பாடசாலையிலிருந்து வந்தவனென எண்ணியிருக்கலாம். கேளாமலே சொன்னார்: "பிள்ளை ரண்டு பக்கமும் பாத்துத்தான் தம்பி இறங்கினவள். பள்ளிக்கூடத்திலை சொல்லிக் குடுத்த மாதிரிக் கோட்டாலைதான் போனவள். ஆரோ ஒரு பெரிய மனிசன் காரைக் கொண்டந்து அதிலை விட்டிட்டுப் போட்டாராம்."

அந்தப் பெரிய மனிதன் நான்தான் என்று சொன்னேன். அவர் விசிறுவதை நிறுத்தினார். சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "வந்து சொன்னது நல்லது, தம்பி. எனக்குச் சொல்லி என்ன? உதைப் பொலிசிலை போய்ச் சொல்லுங்கோ. அந்தப் பெடியன்தான் அடியும் வாங்கினவன், கேசும் அவனுக்குத்தானாம்" என்றார்.

அன்று மாலையே பொலிஸ் நிலையம் சென்று வாக்குமூலம் கொடுத்தேன். என் குற்றத்துக்காக எனக்கும் தண்டம் விதிக்கப்பட்டது. அத்தொகை, விழாவிலே சிறப்புப் பிரதிக்காக நான் உறையிலே வைத்துக் கொடுத்த தொகையிலும் குறைந்தது.

இந்நிகழ்ச்சியை என் மனச்சுமையை இறக்கிவைப்பதற்காக இங்கு எழுதவில்லை. வீதி விபத்துப் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்திலே ஒரு பெரும் பிழை உளது என்பதை அது எனக்குக் காட்டியது. ஓடும் வண்டியே குற்றம் செய்யும். நிற்கும் வண்டி குற்றமற்றது என்று எண்ணுகிறோம். நின்ற வண்டி எவரையும் துரத்துவதில்லை, இடிப்பதில்லை, அதன் உரிமையாளர் அவ்விடத்திலே இருப்பதுமில்லை. விபத்து நிகழ்ந்த பின்னர் அது மெல்ல நகர்ந்துவிடும். ஓடிய வண்டியின் இலக்கம் ஏட்டிலே பதியப்படும்; நின்ற வண்டியின் இலக்கத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரம் நான்கடிக்குச் சற்றே கூடுதலாகும். ஒரு சாதாரணக் காரின் உயரம் ஏறத்தாழ ஐந்தடி. வான் எனின் அதனினும் உயர்ந்தது. எனவே தரித்து நிற்கும் காருக்கு அப்பால் வளர்ந்த மனிதரின் தலையாவது தெரியும். பிள்ளையோ முற்றாக மறைந்துவிடும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலே வரும் வண்டி ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் தூரம் ஓடுகிறது. கண்டதை மனம் உணர்ந்து, கால் தடுப்புக் கருவியை அழுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு செக்கன் வேண்டும். அதாவது, வண்டி வேகங் குறையத் தொடங்கும் முன்னரே 11 மீற்றரைக் கடந்துவிடும். என் காரின் முன் மூலைக்கும் அச்சிறுமி நின்ற இடத்துக்கும் இடையே இருந்த தூரம் ஒன்றரை மீற்றர். அந்த இளைஞன் எத்துணைத் திறமை வாய்ந்தவனாயினும் என்ன செய்திருக்க முடியும்?

இதனாலே வேகமாகச் செலுத்துவோர் குற்றமற்றவர் ஆகிவிடார். மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவது. மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் வண்டி 60 கிலோமீற்றரில் வருமாயின் வேகம் ஒன்றரை மடங்காகிறது. மோதலின் வலிமையோ இரண்டேகால் மடங்காகிறது. வாகனங்களின் சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால், உயிர் குடிக்கும் விபத்து நேரும் அபாயம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடுகிறது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த இளைஞன் மெதுவாக வந்தமையாலேதான் சிறுமி இன்று உயிரோடிருக்கிறாள். அவன் அன்று அடிவாங்கியது அந்த நிதானத்துக்குக் கிடைத்த பரிசு போலும்!

அந்நிறுவனம் 2023ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கையின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் வீதி விபத்துக்களிலே மாண்டோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு எந்த நோயினும் முதற்காரணமாக நிற்பது வீதி விபத்தே. மாண்டோருள் பாதிக்கு மேற்பட்டவர்கள் காரிலோ பஸ்ஸிலோ சென்றவர்களல்லர். நடந்து சென்றவர்கள், சைக்கிளிற் சென்றவர்கள், மோட்டார் சைக்கிளிற் சென்றவர்கள். நம் நாட்டிலே ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியிலே உயிரிழக்கின்றனர். நாளொன்றுக்கு ஐந்து பேருக்குக் குறையாத கணக்கு இது. ஒரே நாளிலே ஒரே இடத்திலே இரண்டாயிரம் பேர் மாண்டால் நாடே துக்கம் அனுட்டிக்கும். ஐந்தைந்து பேராக, வெவ்வேறு ஊர்களிலே மாள்வதனால் பத்திரிகையின் உட்பக்கத்துச் சிறு செய்தியோடு முடிந்துபோகிறது.

வட மாகாணத்தவராகிய நாம் இந்நிலைக்கு வந்த வரலாறு தனியானது. 1990களிலே பொருளாதாரத் தடையின் காரணமாகக் குடாநாட்டிலே பெற்றோல் அரும்பொருளாயிற்று. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஏனையோர் அனைவருக்கும் துவிச்சக்கர வண்டியே வாகனம். ஆசிரியரும் வைத்தியரும் அலுவலரும் சைக்கிள் மிதித்தே தொழிலுக்குச் சென்றார்கள். ஒரு தலைமுறை முழுவதும் மோட்டார் வாகன நெரிசல் என்பதை அறியாமலே வளர்ந்தது. 2009இலே போர் முடிந்தது. ஏ-9 வீதி திறந்தது. குண்டுங் குழியுமாகக் கிடந்த வீதிகள் அகலமாகிக் காப்பெற் இடப்பட்டு வழவழப்பாயின. தவணைக் கட்டணத்திலே மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் காரும் வீடு தேடி வந்தன. இருபது ஆண்டுகளிலே படிப்படியாக நிகழ்ந்திருக்க வேண்டிய மாற்றம் இரண்டு மூன்று ஆண்டுகளிலே நிகழ்ந்தது.

வீதி மாறிற்று, வீதியிலே செல்லும் மனிதனுடைய பழக்கம் மாறவில்லை. சைக்கிளை எங்கே வேண்டுமாயினும் சாய்த்துவிட்டுக் கடைக்குள் நுழையும் பழக்கத்தைக் காருக்கும் கொண்டுவந்துவிட்டோம். ஒழுங்கையிலிருந்து வீதிக்கு நிமிர்ந்து பாராமலே ஏறும் பழக்கத்தை மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டுவந்துவிட்டோம். போரிலே பிள்ளைகளைப் பறிகொடுத்த மண் இது. எஞ்சிய பிள்ளைகளையும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் நம்முடைய கவனக்குறைவுக்குப் பறிகொடுப்பதற்கு நாம் என்ன சமாதானம் கூறுவோம்?

பஸ் வண்டிகளைப் பற்றியும் ஒரு சொல். 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நாட்டின் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. 1970களின் இறுதியிலே தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. பல பஸ்களிலே சாரதிக்கும் நடத்துநருக்கும் கிடைக்கும் கூலி அன்றன்றைய வசூலைப் பொறுத்தது. முன்னே செல்லும் பஸ்ஸை முந்தினால் அடுத்த தரிப்பிடத்துப் பயணிகள் தமக்கு; முந்தாவிடின் வெறும் இருக்கைகள். இந்நிலையிலே சாரதிக்குப் பொறுமையைப் போதிப்பதனால் மட்டும் பயன் விளையாது. வசூலையும் வேகத்தையும் பிணைத்திருக்கும் முடிச்சினை அவிழ்த்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆந் திகதி பொல்கஹவெலவுக்கு அண்மையிலுள்ள யாங்கல்மோதரப் புகையிரதக் கடவையிலே, புகையிரதம் வருவதையும் பொருட்படுத்தாது கடக்க முயன்ற பஸ்ஸின் பயணிகள் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில நிமிட நேரத்தின் விலை அத்தனை உயிர்கள்.

நின்ற பொருள் கொல்லும் என்பதற்கும் நம் நாட்டிலே சான்றுண்டு. 2021ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி பசறை 13ஆம் கட்டையிலே ஒரு பஸ் பள்ளத்திலே வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைச்சரிவிலிருந்து விழுந்த பெரும் கற்பாறையொன்று அங்கே வீதியின் ஒரு பகுதியை அடைத்துக் கிடந்தது. எதிரே ஒரு ரிப்பர் வந்தது. குறுகிப்போன பாதையிலே அதற்கு இடம்விட விளிம்பை அணுகிய பஸ் நிலைதடுமாறியது. பாறை தானாக விழுந்தது, அதற்கு அறிவில்லை. ஆனால் அதே வேலையைச் செய்யுமாறு ஒரு காரை வளைவிலோ கடவையிலோ பாலத்தின் வாயிலிலோ கொண்டுவந்து விடுபவனுக்கு அறிவு இருக்கின்றதன்றோ?

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. குறைவாக இருப்பது, அச்சட்டம் யாரைக் காக்க வந்ததோ அவரை நினைக்கும் மனம். இவ்விடத்திலேதான் இப்பக்கத்தின் வாசகர்களாகிய ஆசிரியர்களையும் மாணவர்களையும் இலக்கிய நண்பர்களையும் நோக்கிப் பேச விழைகிறேன்.

கன்றைத் தேர்க்காலிலே பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், படிப்பிக்கிறோம். தமிழ்நாட்டு மரபு அதனைத் திருவாரூரிலே மனுநீதிச் சோழன்மேல் வைத்துக் கூறும். மகாவம்சம் அதே கதையை அநுராதபுரத்திலே 44 ஆண்டுகள் ஆட்சிபுரிந்த எல்லாள மன்னன்மேல் வைத்துக் கூறும். இரு மொழியினருக்கும், இரு சமயத்தினருக்கும் பொதுவாகிய கதைகள் நம் நாட்டிலே மிகச் சில. அவற்றுள் ஒன்று ஒரு வீதி விபத்தைப் பற்றியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பெரியபுராணத்திலே அக்கன்று எவரும் அறியாதவாறு துள்ளிவந்து சக்கரத்திடையே அகப்படுகிறது. இன்றைய சாரதியும் 'திடீரென்று குறுக்கே பாய்ந்துவிட்டது' என்றே கூறுகிறான். மன்னனோ அச்சமாதானத்தை ஏற்கவில்லை.

மகாவம்சத்திலே எல்லாளனைப் பற்றி வேறொரு கதையும் உண்டு. நம் பாடநூல்களிலே அது அதிகம் பேசப்படுவதில்லை. பிக்குமாரை அழைப்பதற்காக மன்னன் மிகிந்தலைக்குத் தேரிலே சென்றபோது, அவனது தேரின் நுகத்தடி முனை பட்டு ஒரு தூபியின் கற்கள் பெயர்ந்தன. அறிந்து செய்த செயலன்று. அமைச்சர்கள் அதனைச் சுட்டிக்காட்டியதும், மன்னன் உடனே தேரைவிட்டு இறங்கினான், வீதியிலே படுத்தான், இத்தேர்ச் சக்கரத்தாலேயே தன் தலையைத் துணிக்குமாறு வேண்டினான். பிறருக்குத் தீங்கு செய்வதைப் புத்தர் பெருமான் விரும்பார் என்றும், தூபியைத் திருத்திக் கொடுத்தாற் போதும் என்றும் அவர்கள் கூறினார்கள். பெயர்ந்த கற்கள் பதினைந்து. அவற்றைத் திருத்துவதற்கு மன்னன் பதினையாயிரம் கஹாபணம் செலவிட்டான் என்கிறது நூல்.

கன்றின் கதையிலே தண்டனை மேலோங்கி நிற்கிறது. அத்தகைய தண்டனையை இக்காலத்திலே எவரும் விரும்பார், நானும் விரும்பேன். தூபியின் கதையோ நம் காலத்துக்கு ஏற்றது. அறியாமல் நிகழ்ந்தது என்று அம்மன்னன் தப்பிக்கொள்ளவில்லை. குறையைச் சுட்டிக்காட்டியவரைச் சினக்கவில்லை. தேரிலே இருந்தபடி வருத்தம் தெரிவிக்கவுமில்லை. முதலில் இறங்கினான். பின்னர் பெயர்ந்ததைப் பன்மடங்காகச் சரிசெய்தான். நானோ அன்று காரிலே ஏறி அதனை மறைவான இடத்துக்குக் கொண்டுசென்றேன். பதினைந்து கற்களுக்காக ஓர் அரசன் செய்ததை, ஒரு பிள்ளையின் காலுக்காக நான் செய்வதற்கு மூன்று நாட்கள் ஆயின. அதற்கும் ஒரு மூதாட்டி வழிகாட்ட வேண்டியதாயிற்று.

நாள்தோறும் வகுப்பறையிலே அறம் உரைக்கும் ஆசிரியர்களை ஒன்று கேட்கிறேன். வீதியைக் கடக்கும்போது இரு புறமும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அச்சிறுமி அதனைச் செவ்வனே கற்றிருந்தாள். பார்க்க வேண்டிய புறத்தை நாம் காரினால் அடைத்துவிட்டால் அவள் கற்ற கல்வியால் ஆவதென்ன? காலை ஏழரை மணிக்கும் பிற்பகல் ஒன்றரை மணிக்கும் நம் பாடசாலை வாயில்களிலே நின்று பார்த்தால் உண்மை விளங்கும். தத்தம் பிள்ளையை வாயிலின் நேர்முன்னே இறக்க வேண்டும் என்ற ஒவ்வொரு பெற்றோரின் அன்பும் சேர்ந்து, ஏனைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆபத்தாக முடிகிறது. வாயிலிலிருந்து ஐம்பது அடி தூரத்துக்கு வாகனம் எதுவும் தரியாதவாறு பாடசாலைகள் தாமே ஒரு நியதி செய்துகொள்ளலாம். ஆசிரியர்களின் வாகனங்கள் அதற்கு முதலிலே கட்டுப்பட வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலைக்கவசத்தைக் கைப்பிடியிலே கொழுவிக்கொண்டு மூவராக ஒரு மோட்டார் சைக்கிளிலே செல்வதிலே வீரம் ஏதுமில்லை. உங்கள் நண்பன் அவ்வாறு செல்லும்போது இறங்கிவிடுவதே வீரம். வீதியிலே ஒருவன் விழுந்தால், அவனைப் படமெடுக்கு முன்னர் தூக்கிவிடுங்கள். எவரையேனும் குற்றவாளி என்று கை நீட்டு முன்னர், சுற்றிலும் நிற்கும் வண்டிகளையும் ஒருமுறை பாருங்கள்.

இலக்கிய நண்பர்களுக்குச் சொல்வது சிறிது கசப்பானது. மனித நேயத்தைப் பாடும் நூல்களை வெளியிடும் நாளிலே, மண்டபத்தின் முன்னால் மனிதர் நடக்க இடமில்லாமற் செய்துவிடுகிறோம். நடைபாதையிலே நம் கார் ஏறி நிற்கிறது; கைத்தடி ஊன்றி வரும் முதியவர் வீதியிலே இறங்கி நடக்கிறார். அழைப்பிதழிலே தலைமை தாங்குபவரின் பட்டங்களையெல்லாம் அச்சிடுகிறோம். வாகனத்தை எங்கே விடலாம் என ஒரு வரி சேர்த்து அச்சிடுவதற்கு மேலதிகச் செலவில்லை. வரவேற்புக் குழுவிலே இருவரை வீதிக்கு அனுப்பலாம். ரியூசன் கலையும் நேரத்தையும் ஊர்த் திருவிழாவையும் விசாரித்து விழா நேரத்தை வகுக்கலாம். இவை சிறு காரியங்கள். ஆயினும் அன்று இவற்றுள் ஒன்றேனும் செய்யப்பட்டிருந்தால் அச்சிறுமி ஒரு தவணைப் படிப்பை இழந்திருக்கமாட்டாள்.

உள்ளூராட்சி மன்றங்களும் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது. மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும்போது, அங்கு வருவோர் வாகனங்களை எங்கே தரிப்பர் என்று கேட்டல் வேண்டும். நகரிலே பொதுத் தரிப்பிடங்கள் அமைத்தல் வேண்டும். விபத்து நிகழ்ந்த இடத்திலே பொலிஸார் ஓடிய வண்டியை மட்டுமன்றி, பார்வையை மறைத்து நின்ற வண்டியையும் பதிந்துகொள்ளல் வேண்டும். அவ்வாறு பதியும் வழக்கம் ஏற்பட்டால், 'சிறிது நேரந்தானே' என்ற எண்ணம் என் போன்றோருக்கு எளிதிலே வாராது.

சென்ற சனிக்கிழமை அதே மண்டபத்திலே மற்றொரு விழா. காரைக் கால் கட்டை தூரத்திலே ஓர் உறவினர் வளவுக்குள் விட்டுவிட்டு நடந்து சென்றேன். வெயில் கடுமை. பத்து நிமிடம் தாமதமாயிற்று. கடவையை நெருங்கியபோது அதன் ஓரத்திலே, முன்னர் என் கார் நின்ற அதே இடத்திலே, ஒரு வெள்ளை வான் நின்றது. சாரதி ஆசனத்திலே இருந்தவர் எனக்கு நன்கு அறிமுகமான ஆசிரியர். இப்பக்கத்திலே எழுதுபவரும் கூட. என்னைக் கண்டதும், "ரண்டு நிமிசம்தான் சேர், பொன்னாடையை எடுத்துக் குடுத்திட்டு எடுத்திடுவன்" என்றார்.

வீதியோரத்திலே நின்றபடியே மேலே எழுதியவற்றையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் இறங்கி வந்து கடவையிலே நின்றார். தம் வானின் மறைவிலே குனிந்து, ஒரு பிள்ளையின் உயரத்திலிருந்து வீதியைப் பார்த்தார். பின்பு ஒன்றும் பேசாமல் வானை எடுத்துச் சென்று தூரத்திலே விட்டுவிட்டு நடந்து வந்தார். மண்டபப் படியிலே ஏறும்போது, "சேர், இதை நீங்கள் எழுதத்தான் வேணும்" என்றார்.

எழுதிவிட்டேன். அச்சிறுமி இத்தவணை மீண்டும் பாடசாலைக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறாள். சற்றே சாய்ந்து நடக்கிறாள். நாளடைவிலே அதுவும் சரியாகிவிடும் என்று வைத்தியர் கூறியிருக்கிறார். கடவையைக் கடக்கும்போது மட்டும் அம்மம்மாவின் கையை விடுவதில்லையாம்.